கற்பகம் நகருக்கு வரும் விருந்தினர் கவனத்துக்கு

உலகத்தில் பார்க்கத் தகுந்த கால்வாய் நகரங்கள் மூன்று. ஒன்று இத்தாலியில் இருக்கிறது. இன்னொன்று ஹாலந்தில் இருக்கிறது. மூன்றாவது, ஆவடியிலிருந்து முத்தாபுதுப்பேட்டை போகும் வழியில் பிள்ளையார் கோயிலைத் தாண்டி இடது கைப் பக்கம் திரும்பினால் வருகிற கற்பகம் நகர். முதல் இரண்டிலும் கால்வாயில் இன்னும் தண்ணீரை விட்டு வைத்திருக்கிறார்கள். அது பழைய முறை. தண்ணீர் என்றால் பாசி, துர்நாற்றம், படகுக்காரனோடு பேரம். கற்பகம் நகர் அந்தத் தொல்லையை ஒழித்துவிட்டது. கால்வாய் மட்டும் இருக்கிறது. கொசுவை மட்டும் மரபு கருதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதினான்கு மாதம் முன்பு ஒரு மஞ்சள் இயந்திரம் வந்தது. நான்கடி அகலம், ஐந்தடி ஆழம் என்று தெருக்களின் இரண்டு பக்கமும், முக்குக்கு முக்கு குறுக்கேயும், இரண்டே நாளில் தோண்டி முடித்தது. "மழைநீர் வடிகால்" என்றார்கள். அரசாங்க வேலை இவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை, தேங்காய் உடைத்தார்கள். மூன்றாம் நாள் இயந்திரத்துக்கு வேறிடத்தில் அவசரமாகத் தோண்ட வேண்டியிருந்ததால் அது போய்விட்டது. சில இடங்களில் கம்பி கட்டி, கம்பி நுனியில் யார் கண்ணையும் குத்தாதபடி காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அந்த அக்கறையை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

நகரம் கையடக்கமானது. நான்கு தெரு, நூற்றுப் பன்னிரண்டு வீடு. எந்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலும் எல்லா வீடும் தெரியும். போவதுதான் வேறு விஷயம். எதிர்வீட்டுக்குக் கண்ணால் போனால் பன்னிரண்டு அடி. காலால் போனால் இருபது நிமிடம். இத்தனை சிறிய இடத்துக்குள் இத்தனை நீளமான பயணத்தை அடைத்து வைத்திருக்கும் ஊர் உலகத்தில் வேறு இருக்கிறதா என்று விசாரித்தால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்கு ஒரு பாலம். சென்ட்ரிங் பலகை போட்டவர்கள் நடுத்தர வர்க்கம். கிரானைட் போட்டவர்கள் வசதியானவர்கள். இருபத்து மூன்றாம் எண் வீட்டில் இரும்புக் கட்டிலைக் குறுக்கே போட்டு, அதில் படுத்து வந்த மாமனாரைத் தரைக்கு மாற்றியிருந்தார்கள். உறவினர் வருகிற நாளில் பாலத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிற குடும்பமும் ஒன்று உண்டு. அந்த வீட்டில் தோண்டிய நாள் முதல் அமைதி நிலவுகிறது.

ஆனால் பாலம் என்று சொன்னால் அது பதினேழாம் எண், சுப்பராயன் வீட்டுப் பாலம்தான்.

சுப்பராயன் டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாங்கியின் முதுகில் மடித்து வைத்த பாலத்தை ஆற்றின் மேல் விரிக்கிற பிரிவு. இருபது மீட்டர் ஆறு, மேலே ஒரு டாங்கி, நேரம் ஐந்து நிமிடம். அப்பேர்ப்பட்ட கை, வீட்டு வாசலில் நான்கடிப் பள்ளத்துக்குப் பாலம் போட எடுத்துக்கொண்டது நாற்பத்தொரு நாள். வரைபடம், இரும்புச் சோதனை, பாரச் சோதனை, மறு பாரச் சோதனை. அதுவரை அவர் மனைவி சரசா, காய்கறிக்காரரிடமிருந்து வெண்டைக்காயைக் கயிற்றில் கட்டித்தான் இழுத்தார்.

பாலம் முடிந்ததும் ராணுவப் பச்சை அடித்து, "பாலம் எண் 1. ஒரு சமயத்தில் ஒருவர். உச்ச பாரம் 70 கிலோ" என்று எழுதினார். எழுதிவிட்டு, அதில் ஏறவில்லை.

"இன்னும் என்ன?" என்றார் சரசா.

"ஒப்புதல் வரணும்."

"யாரு ஒப்புதல்?"

"பள்ளம் யாரோடது? அவங்க ஒப்புதல். இன்ஸ்பெக்‌ஷன் ஆகாம ஒரு போல்ட்டு கூட கேட்டைத் தாண்டினதில்ல சரசா, முப்பத்தொரு வருஷம்."

பாலத்தைக் காலையிலும் மாலையிலும் படம் எடுத்து, வரைபடத்தோடு, ஒப்புதல் வேண்டி மாநகராட்சி அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் அனுப்பினார். அதே பக்கத்தில் அவர் மகள் எழிலரசி, வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள், "பள்ளத்தை மூடுங்கள்" என்று பதினேழு புகார் கொடுத்தும் ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்பாவுக்குப் பத்தொன்பது நிமிடத்தில் பதில் வந்தது: "தங்கள் படங்கள் ஏற்கப்பட்டன. நன்றி."

"பாத்தியா?" என்றார் சுப்பராயன் மகளிடம். "நீ குறை சொல்றே. நான் வேலையைக் காட்டறேன். வேலையைக் காட்டினா மதிப்பாங்க."

அந்தப் பதிலை அச்செடுத்து, லாமினேஷன் செய்து, கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டார். அதன் பிறகுதான் ஏறினார், வலது காலை வைத்து. மறுநாள் எழிலரசியின் பதினேழு புகாருக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது: "சரிசெய்யப்பட்டது."  அவள் அதை அழிக்காமல் கைப்பேசியில் வைத்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் எழிலரசியைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை பிரசன்னா, அம்பத்தூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கணினி வேலை. இதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் பிள்ளையார் கோயில் வரை வந்து, மண்மேட்டைப் பார்த்து, சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனவர்கள். மூன்றாவதும் அப்படிப் போனால் ஊர் வேறு மாதிரி பேசும் என்று சரசா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிறு பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள் நல்ல நேரம். பன்னிரண்டுக்கு எமகண்டம் ஆரம்பம்.

"வர்றவங்க ஊடு வந்து சேரணும். அவ்ளோதான் நம்ம லட்சியம்" என்றார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பாபு. பத்தொன்பதாம் எண், பக்கத்து வீடு. ஆட்டோவைப் பதினான்கு மாதமாகப் பிள்ளையார் பொறுப்பில் விட்டு வைத்திருப்பவர்.

சுப்பராயன் இதைத் தற்செயலுக்கு விடுகிற ஆள் இல்லை. "கற்பகம் நகருக்கு வரும் விருந்தினர் கவனத்துக்கு" என்று தலைப்பிட்டு எட்டு விதிகள் எழுதி, வரைபடத்துடன் மாப்பிள்ளை வீட்டாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். வாகனத்தைப் பிள்ளையார் கோயிலோடு நிறுத்துக. கட்டில் பாலத்தில் ஏறும்போது உள்ளே மாமனார் தூங்குவதால் பேசற்க. பட்டுப்புடவை அணிந்தோர் கம்பிப் பகுதியில் பக்கவாட்டில் நடக்கக் கடவர். எதிரே ஆள் வந்தால், பையில் பால் வைத்திருப்பவருக்கே வழி முதலில் உரியது.

பிரசன்னா போன் செய்தார்.

"அங்கிள், ரொம்ப நன்றி. ஆனா இதெல்லாம் தேவையே இல்ல. மாநகராட்சி வடிகால் வேலைக் கணக்கு எங்க கம்பெனிதான் பாக்குது, உங்க ஏரியாவே என் திரையிலதான் இருக்கு. நானூத்துப் பன்னிரண்டு தெரு பாக்கறேன். உங்க தெரு பச்சை."

"பச்சைன்னா?"

"வேலை முடிஞ்சுது. சிவப்புன்னா ஆரம்பிக்கல. மஞ்சள்னா நடக்குது. பச்சைன்னா கார் நேரா உங்க வாசலுக்கு வரும்."

சுப்பராயன் வாசலைப் பார்த்தார். பள்ளம் இருந்தது. ஆனால் படித்த பிள்ளை. அதுவும் மாப்பிள்ளை ஆகப் போகிற பிள்ளை.

"அப்படீங்களா" என்றார் பணிவாக.

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு அவர்கள் தெரிந்தார்கள். தெரிந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்; வந்தார்கள் என்று சொல்ல முடியாது. மூன்றாம் தெரு முக்கில், குறுக்குக் கால்வாய்க்கு அந்தப் பக்கம், மண்மேட்டின் மேல் மாப்பிள்ளை, அவர் அம்மா புஷ்பா, தாய்மாமன், அத்தை என்று நால்வரும் தட்டுகளோடு நின்றார்கள். மாப்பிள்ளை கைப்பேசியைப் பார்த்து ஒரு அடி முன்னால் வைப்பதும், பள்ளத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைப்பதுமாக இருந்தார்.

வாசலுக்கு வந்தவர்களை வரவேற்காமல் இருக்க முடியுமா? சரசா மாடிக்கு ஓடிப் போய்க் கை கூப்பினார்.

"வாங்க! வாங்க! வாங்க!"

"வரோம்! வரோம்!" என்று மண்மேட்டிலிருந்து புஷ்பா பதில் கூவினார். "எப்படி வரதுன்னு சொல்லுங்க!"

"எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்! செருப்பு ஒண்ணு உள்ள விழுந்துடுச்சு!"

இப்படியாக நலம் விசாரிக்கும் சடங்கு ஊர் முழுவதற்கும் பொதுவாக நடந்தது. நாலைந்து வீட்டு மாடியிலிருந்தும் யார் யாரோ "சௌக்கியம், சௌக்கியம்" என்றார்கள்.

பாபு வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னா அண்ணாத்தே, பேசிகினே நின்னா எமகண்டம் வந்துரும். நான் போய் இட்டாறேன்." போனவர் மண்மேட்டில் ஏறி மாப்பிள்ளையைப் பார்த்தார். "இன்னா மாமே, இந்த வழியா எவன் வரச் சொன்னான் உன்ன?"

"மேப்ல இங்க ரோடு இருக்கு."

"கீது, கீது. ஒரு அஞ்சடி கீழ கீது. நீ போனை உள்ள வெய்யி. என் காலப் பாத்து வா."

கட்டில் பாலம், பேச்சு இல்லை. கம்பிப் பகுதி, பக்கவாட்டு நடை. பால் பையோடு ஒருவர் எதிரே வந்தார். நால்வரும் பின்வாங்கி வழிவிட்டு, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் பதினொன்று இருபதுக்குப் பாலம் எண் ஒன்றின் அக்கரையில் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை வந்தார். தாய்மாமன் வந்தார். அத்தை வந்தார். அடுத்து புஷ்பா அம்மாள் காலைத் தூக்கினார்.

சுப்பராயனின் பார்வை ஒரு தடவை பலகைக்குப் போனது. 70 கிலோ. ஒரு தடவை சம்பந்தியம்மாளுக்குப் போனது. முப்பத்தொரு வருட அனுபவத்தில் பார்த்தவுடன் எடை சொல்லுகிற கண் அது. கண் சொன்னதை அவர் நம்ப விரும்பவில்லை.

"ஒரு நிமிஷம்மா."

"ஏங்க!" என்று சரசா பின்னாலிருந்து பல்லைக் கடித்தார். "இப்ப எடை கேட்டீங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்!"

போவதற்கும் அதே பாலம்தான் வழி என்பது சுப்பராயனுக்குத் தெரியும். ஆனாலும் பதற்றப்படவில்லை. நயமாகக் கேட்டார்.

"அம்மா, அந்தப் பழத்தட்டு மட்டும் தனியா வரட்டும்."

தட்டு வந்தது.

"கைப்பை?"

பை வந்தது.

"பூ... பூவும் பரவால்ல, இருக்கட்டும். அந்தத் தண்ணி பாட்டில்?"

புஷ்பா அம்மாள் நிமிர்ந்தார். "ஏங்க, நகையும் கழட்டித் தரணுமா? இல்ல, அதுக்கு முகூர்த்தம் வரைக்கும் பொறுப்பீங்களா?"

"வுடு நைனா, தாங்கும்!" என்றார் பாபு. "நீ செஞ்ச பாலம், நீயே நம்பாட்டி எப்பிடி?"

அந்த வார்த்தை தைத்தது. சுப்பராயன் ஒதுங்கினார். புஷ்பா அம்மாள் வந்தார். பாலம் ஒரு முனகல் கூட முனகவில்லை. சுப்பராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணைக் கொடுக்கப் போகிற தகப்பன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மணி பதினொன்று இருபத்தெட்டு. லட்சியம் நிறைவேறிவிட்டது.

கேசரி, பஜ்ஜி, காபி. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பிடித்துப் போனது பார்த்தவர்களுக்கே தெரிந்தது. அவர் அவள் பாடத்தைப் பற்றிக் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலையும் கேட்டார். தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். பத்து நிமிடம் சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு வரவில்லை. பிறகு எழிலரசி இறங்கி வந்தாள், கையில் மாப்பிள்ளையின் கைப்பேசி. பின்னால் மாப்பிள்ளை.

"அப்பா, இது நம்ம பாலந்தானே?"

சுப்பராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு மேடை. அதில் பிரசன்னா கோட்டு போட்டுக்கொண்டு கேடயம் வாங்குகிறார். பின்னாலிருந்த பெரிய திரையில், ராணுவப் பச்சையில், கம்பீரமாக...

"பாலம் எண் ஒண்ணு!" சுப்பராயன் எழுந்து நின்றுவிட்டார். "காலை வெளிச்சத்துல எடுத்த படம்! சரசா, இங்க பாரு, மேடையில காட்டியிருக்காங்க!"

"அங்கிள், இது உங்க பாலமா?" பிரசன்னாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ரொம்ப அழகான படம் அங்கிள். குடிமக்கள் சௌகரியமா நடந்து போக ஒரு பாலம். இந்தப் படத்தை வெச்சுத்தான் உங்க நகரையே பச்சையாக்கினேன். ஒரே மாசத்துல அதிகமா முடிச்சவர்னு எனக்கு விருது!"

"தெய்வச் செயல்!" என்றார் புஷ்பா அம்மாள், எடை விவகாரத்தை மன்னித்து. "பொண்ணைப் பாக்கறதுக்கு முன்னாடியே அவங்க வீட்டு வாசலைப் பாத்திருக்கான் பாருங்க. இதைவிடப் பொருத்தம் வேணுமா?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். சுப்பராயனும் ஆமாம் என்றார். சொன்ன பிறகு, கையிலிருந்த பஜ்ஜியை மெல்லத் தட்டில் வைத்தார். ஒப்புதலுக்கு அனுப்பிய படம். பத்தொன்பது நிமிடம். நன்றி. மறுநாள், சரிசெய்யப்பட்டது. தொழிற்சாலையில் ஒரு குறைபாடு எந்த மேசையில் நுழைந்தது என்று பின்னோக்கித் தேடுவது அவருக்குப் பழக்கம். தேடிப் பார்த்தார். அது அவர் மேசையில் வந்து நின்றது.

"நான்தான் பள்ளத்தை மூடிட்டேனா?" என்றார்.

"படத்துல மட்டும்ப்பா" என்றாள் எழிலரசி. பிரசன்னா பக்கம் திரும்பினாள். "அதைச் சிவப்பாக்குங்க."

"பச்சையானது சிவப்பாகாதுங்க. சிஸ்டம்ல அந்த வழியே இல்ல."

"நான் புதுசா புகார் குடுத்தா?"

"'ஏற்கெனவே முடிந்தது'ன்னு மூடிடுவாங்க."

"யாரு மூடுவாங்க?"

பிரசன்னா பஜ்ஜியைப் பார்த்தார். "நான்தாங்க."

 பிறகு அவரே சொன்னார், நல்ல பிள்ளைதான். "ஒண்ணு பண்ணலாம். பாலம் இல்லாத படம் வந்தா சிஸ்டம் பழைய படத்தோட ஒப்பிட்டுப் பாக்கும். வித்தியாசம் இருந்தா மறுபடி திறக்க வாய்ப்பு இருக்கு."

எல்லோரும் சுப்பராயனைப் பார்த்தார்கள். நாற்பத்தொரு நாள் உழைப்பு. ஊரே தடவிப் பார்த்துவிட்டுப் போகிற கைப்பிடி. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே போனார். டாங்கிப் பாலம் விரிக்கத் தெரிந்தவனுக்கு மடிக்கவும் தெரியும். நான்கு ஆணி, ஒரு கீல். மூன்றே நிமிடத்தில் பாலம் எண் ஒன்று எழுந்து, மடிந்து, சுவரோரம் சாய்ந்தது. லாமினேஷன் காகிதம் காற்றில் ஆடியது.

பிரசன்னா வெறும் பள்ளத்தைப் படம் எடுத்தார். அனுப்பினார். எல்லோரும் அந்தச் சிறு திரையைச் சுற்றி நின்றார்கள், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது போல. பச்சைப் புள்ளி ஒரு தடவை துடித்தது. மஞ்சளானது.

"ஆவுது, ஆவுது!" என்று பாபு பக்கத்து மாடியிலிருந்து கத்தினார், அவருக்குத் தெரியாது என்றாலும்.

கைப்பேசி முனகியது. திரையில் எழுத்து வந்தது. பிரசன்னாவின் கட்டைவிரல், தலைக்குத் தெரியாமல், தினமும் நானூறு தடவை போகிற இடத்துக்குப் போய் "சரி"யை அழுத்தியது. புள்ளி பச்சையானது. முன்பைவிட நல்ல பச்சை.

"என்ன வந்துது?" என்றாள் எழிலரசி.

அவர் படித்தார். குரல் தேய்ந்துகொண்டே போனது. "முன் படம்: பாலம் உள்ளது. பின் படம்: பாலம் இல்லை. வடிகால் மீதான ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது. பணி நிறைவு."

"நீங்க சரின்னு அழுத்தினீங்களா?"

"பழக்கம்ங்க... ஞாயித்துக்கிழமை எதுவும் பாக்கி நிக்கக் கூடாதுன்னு..."

"திரும்ப எடுங்க."

"எடுக்கலாம்..." அவர் கைப்பேசியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆனா இந்த மாசக் கணக்குல என் பேருக்கு ஒரு கறுப்புப் புள்ளி விழும். மார்ச் வரைக்கும் பொறுத்தீங்கன்னா..."

எழிலரசி பொறுத்தாள். அவர் விரல் அசைகிறதா என்று பார்க்கிற நேரம்தான். அசையவில்லை. பிடித்துப் போன முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்றை விட்டுவிடுவது எப்படி இருக்கும் என்பதைச் சுப்பராயன் அன்றைக்கு மகள் முகத்தில் பார்த்தார். அவருக்கும் இப்போதுதான் ஒரு பாலம் போயிருந்தது.

மணி பன்னிரண்டாகப் பத்து. "எமகண்டத்துக்கு முன்னாடி கிளம்பிடலாம்" என்று புஷ்பா அம்மாள் எழுந்தார். "சம்பந்தி, பாலத்தைப் போடுங்க."

சுப்பராயன் கை கட்டிக்கொண்டு நின்றார். "மன்னிக்கணும்மா. அது ஆக்கிரமிப்பு. அகற்றியாச்சுன்னு இப்பத்தான் உங்க பையன் ஒப்புதல் குடுத்திருக்காரு. ஒப்புதலை மீறி நான் ஒரு போல்ட்டு மாட்டினதில்ல, முப்பத்தொரு வருஷம்."

"அப்ப நாங்க எப்படிப் போறது?"

எழிலரசி கைப்பேசியை மாப்பிள்ளையின் கையில் மரியாதையாகக் கொடுத்தாள்.

"பச்சையாத்தானே இருக்கு? நேரா நடங்க."

பிரசன்னா கைப்பேசியைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று அன்றுதான் முதல்முறையாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எது என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

பாபு ஏணி கொண்டுவந்தார். தட்டுகள் முதலில் இறங்கின, பிறகு தாய்மாமன், அத்தை, புஷ்பா அம்மாள், கடைசியில் மாப்பிள்ளை. பள்ளத்துக்குள்ளேயே நடந்து, செருப்பையும் கண்டெடுத்துக்கொண்டு, கால்வாய் எதிலும் போய்ச் சேராமல் பிள்ளையார் கோயிலருகே சரிந்து முடிகிற இடத்தில் ஏறிக்கொண்டார்கள். கற்பகம் நகரின் வரலாற்றில் கால்வாய் வழியாகப் பயணம் செய்த முதல் விருந்தினர்கள் அவர்கள்தான். வழி நெடுக மாடிகளில் நின்று எல்லோரும் கை அசைத்தார்கள்.

அன்று மாலை சுப்பராயன் வழிகாட்டியில் ஒன்பதாவது விதியைச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினார்:

"விருந்தினர், இந்நகரில் பள்ளம் இல்லை என்று சான்றளித்தவராக இருப்பின், அன்னாருக்குப் பாலம் தேவைப்படாது."